தொட்டுப் பார்த்த எண்கள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். "உங்களுக்கு இன்னொரு பொண்ணு இருக்குன்னு சொன்னாங்களே, ஊர்ல இல்லையா?" என்று தபால்காரர் கேட்டார். ஆறு வருடமாக இந்தத் தெருவுக்கு வருகிறவர் அவர். "உள்ளதான் இருக்கு, வெளிச்சத்துக்கு வராது" என்று சொல்லி அம்மா சிரித்தாள். என் பெயரையும் சொல்லிவிட்டாள்.

சட்டையைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றிக்கொள்ள நீ வைத்திருக்கும் பைகள் மொத்தம் பன்னிரண்டு. எல்லாவற்றையும் நிரப்பினால் யாரோ முதுகில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. அம்மா என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, தண்ணி பாக்கெட்டு விக்கப் போறியா?" என்றாள். பிறகு தையலைப் பார்த்தாள். "பெரியவ கையாலயே தச்சிருக்கா. அவளுக்கு மூலை மடிக்கத் தெரியாது." அன்றைக்கே நான்கு மூலையையும் பிரித்துத் தைத்து, இஸ்திரியும் போட்டுக் கொடுத்தாள். நனைக்கப் போகிற சட்டைக்கு இஸ்திரி எதற்கு என்று கேட்டேன். "என் கையத் தாண்டிப் போற துணி கசங்கிப் போகக் கூடாது" என்றாள்.

நீ சொன்னபடி காலை ஆறு, மதியம் இரண்டு, மாலை ஏழு என்று மூன்று வேளையும் அளக்கிறேன். தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்து, அது பீப் என்று கத்தும் வரை வாயைத் திறப்பதில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்று உனக்குத் தெரியும். நோட்டில் பேனாவால் எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இல்லை. இந்த வாரத்து நகல் இதோடு இருக்கிறது. மதியம் மட்டும் 101-க்குக் கீழே வரவே மாட்டேன் என்கிறது.

போன வாரம் நீ அம்மா இஸ்திரி போடுகிற சலவைக் கடைக்கு போன் செய்தபோது கடைக்கார அண்ணன் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எனக்கு எப்படிப் பேச்சு வரும்? "உம்" தவிர ஒன்றும் வரவில்லை. எழுதும்போது யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நெற்றி வியர்வை சிந்த உனக்காக உழைக்கிறேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். பிறக்கும்போதே வியர்வைச் சுரப்பி இல்லாமல் பிறந்தவள் அப்படி எழுதினால் நீ சிரிப்பாய்.

ஒரு சின்னக் குறை. நான் பள்ளிக்கூடத்தை விட்டு இந்த மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பில், காலை வரிசையில் மயங்கி விழுந்த அன்று, "ஒரு வருஷம் வீட்ல இருந்து ஒழுங்கா அளந்து அனுப்பு, நான் வழி கண்டுபிடிக்கிறேன்" என்று நீ சொன்னாய். சும்மா ஞாபகப்படுத்துகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன்
உம்மணாமூஞ்சி


மார்ச் 15

என் செல்ல உம்மணாமூஞ்சிக்கு,

மூலை மடிக்கத் தெரியாது என்று அம்மா சொன்னதை இங்கே யாரிடமும் சொல்லிவிடாதே. ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

உன் குறை எனக்கு மறக்கவில்லை. விஷயத்தை ஒரு முறை தெளிவாகச் சொல்கிறேன். மூளைக்குள் பட்டாணி அளவில் ஓர் இடம் இருக்கிறது. உடம்பு சுட்டால் "வியர்த்துவிடு" என்று உத்தரவு போடுவது அதுதான். உன் தலைக்குள்ளும் அது நாள் முழுக்கக் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. கேட்பதற்குத்தான் தோலில் ஆளில்லை. சட்டையிலிருந்து கசியும் தண்ணீர் காய்ந்துகொண்டே உன் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். உனக்கு இல்லாத வியர்வையை நான் துணியில் வைத்துத் தைத்திருக்கிறேன். எட்டு வருடம் நான் படித்ததெல்லாம் இதற்காகத்தான்.

என் வேலை ஆகஸ்டோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும். உன்னைப் போன்ற பதினோரு பேருக்குச் சட்டை கொடுத்தேன். எல்லோரும் பாதியில் கழன்றுகொண்டார்கள். ஒரு நாள்கூட விடாமல் அளப்பவள் நீ ஒருத்திதான். இந்தக் கோடையில் உன் மதிய எண் 99-க்குக் கீழே இறங்கினால் ஜூனில் நீ பள்ளிக்கூடத்தில் இருப்பாய், நான் இங்கே நாற்காலியில் இருப்பேன்.

இரண்டு விஷயம். தெர்மாமீட்டர் நிலையத்துடையது. என் பெயரில் எழுதி வாங்கியது. உடைத்தாயானால் என் தலைதான் உருளும். கடையில் விற்கிற பொம்மைகளில் எடுத்த எண் எனக்கு வேண்டாம். அப்புறம், நடுவில் ஒரு வேளைகூட விடாதே. ஓட்டை விழுந்த கணக்கை யாரும் தொடமாட்டார்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தெர்மாமீட்டரும் நலம்.

இரண்டு வாரத்து நகலைச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துவிடு. ஒரு வேளைகூட விடவில்லை.

இப்போதெல்லாம் மூன்று வேளையும் அம்மாவிடமும் நெற்றியைக் காட்டுகிறேன். சும்மாதான். மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும்போது, அவள் கையைக் குழாயில் கழுவச் சொல்லி, துடைக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் தொடச் சொல்கிறேன். இஸ்திரிப் பெட்டி பிடித்த கையோடு தொட்டால் சரியாகத் தெரியாது அல்லவா? அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "பத்து வயசுக்கு அப்புறம் மேல கைய வச்சாலே தட்டிவிடுவ. இப்ப என்னடி மூணு வேளையும் வந்து நெத்தியக் காட்டுற?" என்றாள். ஆனால் அவளுக்குச் சந்தோஷம்தான். இரண்டு மணி ஆனதும் நான் வருவதற்கு முன்னாலேயே கையைக் கழுவிக்கொண்டு நிற்கிறாள்.

அவள் கையைப் பற்றி உனக்குத் தெரியாததா? இஸ்திரிப் பெட்டியில் சூடு காட்டுகிற முள்ளை அவள் பார்ப்பதே இல்லை. விரலை நனைத்து அடியில் ஒரு தட்டு தட்டுவாள். எழும்புகிற சத்தத்தைக் கேட்டே இது பருத்திக்கு, இது பட்டுக்கு என்று சொல்லிவிடுவாள். இதுவரை ஒரு துணியையும் பொசுக்கியது இல்லை. என்னைத் தொட்டும் அப்படித்தான் சொல்கிறாள். காலையில் "வெதுவெதுன்னு இருக்கு." கொஞ்சம் கூடினால் "கணகணங்குது." மதியம் "காயுது." போன வெள்ளிக்கிழமை மட்டும் "கொதிக்குதுடி!" என்று கத்தி, என்னைக் குழாய்க்கு அடியில் உட்கார வைத்துவிட்டாள். அன்றைக்கு நோட்டில் 102.7 இருக்கும், பார்.

அம்மாவுக்குப் பத்து நாளாக இருமல். கடையில் புதிதாக ஒரு நீராவிப் பெட்டி வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் என்கிறாள்.

உனக்கு அங்கே வேலை அதிகமா? போன கடிதத்தில் சாப்பிட்டாயா என்றுகூட நீ கேட்கவில்லை. நான் கேட்கிறேன். சாப்பிட்டாயா?

உன்
உம்மணாமூஞ்சி


மே 6

என் தங்கமே,

உட்கார்ந்துகொண்டு படி. சட்டை வேலை செய்கிறது!

ஏப்ரல் 21 வரை உன் மதிய எண் 101-ஐச் சுற்றியே இருந்தது. அதற்குப் பிறகு 100.3. அடுத்த நாள் 99.4. அப்புறம் 98.6. போன வாரம் மூன்று நாள் 98.2! வெளியே வெயில் ஏறிக்கொண்டே போகிறது, நீ இறங்கிக்கொண்டே வருகிறாய். வரைபடம் போட்டதும் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். நிலையத்தின் தலைவர் அதை வாங்கிக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். "யாரம்மா இந்தப் பெண், இவ்வளவு ஒழுங்காக அளப்பது?" என்றார். என் தங்கை என்று சொல்லவில்லை. சொன்னால் கணக்கைச் சந்தேகப்படுவார்கள். கட்டுரையில் நீ "பெண், வயது பதினாறு, விருப்பத்தின்பேரில் வீட்டில் இருப்பவர்" என்று வருவாய்.

இதைவிட அதிசயம் மாலை எண். எல்லோருக்கும் மாலையில் உடம்பு கொஞ்சம் சூடு ஏறும். உனக்கு மட்டும் மாலையில்தான் எல்லாவற்றையும்விடக் குறைவு! பகல் முழுக்கச் சட்டைக்குள் இருந்த தோல் குளிர்ச்சியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன். இதை விளக்குவதற்கு மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். இதுவரை யாரும் எழுதாத மூன்று பக்கம்.

பள்ளிக்கூடத்துக்குப் போய் விண்ணப்பம் வாங்கு. இனிமேல் பயப்பட ஒன்றுமில்லை. அம்மாவின் இருமலுக்கு நீராவிதான் காரணமாக இருக்கும். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சட்டையின் எல்லாப் பைகளையும் நிரப்பிக்கொண்டு, மேலே அம்மாவின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு போனேன். விண்ணப்பம் கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் முப்பது பேர் வரிசை. வெயில் நேராக முகத்தில் விழுந்தது. ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா என் பெயரைக் கேட்டார். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா? சத்தமா சொல்லும்மா" என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது பைகள் உடைந்து என்னைச் சுற்றி ஒரே தண்ணீர். ஒரு பெண், "பயத்துல என்ன பண்ணிடுச்சு பாருடி" என்று இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது சட்டைத் தண்ணீர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காவலாளி ஆட்டோ பிடித்து அனுப்பினார்.

அன்றைக்கு மாலை நீ போனில் பேசியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். "போன வாரத்து நகல்ல 98.2 இருக்கு. மயக்கம் எப்படிடி வரும்? சும்மா சீன் போடாத. எண் பொய் சொல்லாது, பயந்துதான் விழுந்திருப்ப" என்றாய். நான் "உம்" என்றேன். நீ சொல்வது சரியாகவும் இருக்கலாம். உடம்பு உள்ளே எரிகிற மாதிரிதான் எனக்கு இருக்கிறது. ஆனால் அம்மாவும் தொட்டுப் பார்த்து, "ஜில்லுன்னு இருக்கேடி, உனக்கு ஒண்ணுமில்ல" என்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்லும்போது நான்தான் பாசாங்கு செய்கிறேனோ என்று தோன்றுகிறது. பாசாங்கு செய்கிறவர்களுக்குத் தாங்கள் செய்வது தெரியாமல் போகுமா, அக்கா?

இனி அடுத்த வருடம்தான். விண்ணப்பம் கொடுக்கிற நாள் முடிந்துவிட்டது.

அம்மா இளைத்துவிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. இந்த வெயிலில் சாயங்காலமானால் போர்வை கேட்கிறாள். நாள் முழுக்க இஸ்திரிச் சூட்டில் நின்றுவிட்டு வருவதால் வீடு குளிர்கிறது என்று சொல்கிறாள். உனக்குத்தான் உடம்புச் சூட்டைப் பற்றி எல்லாம் தெரியுமே, இது சரிதானா? மறக்காமல் எழுது.

உன்
உம்மணாமூஞ்சி


ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

அவசரமாக எழுதுகிறேன். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! இளம் ஆராய்ச்சியாளர் விருதுக்கும் என் பெயர் போயிருக்கிறது. குழு ஆகஸ்ட் 20 அன்று கூடுகிறது.

புதுத் தெர்மாமீட்டர் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பழையதை உடனே திருப்பி அனுப்பு. அது சரியாகக் காட்டுகிறதா என்று இங்கே சோதித்துச் சான்று வாங்க வேண்டும். பஞ்சில் சுற்றி அனுப்பு.

பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிவிடாது. நகல்களை மட்டும் நிறுத்திவிடாதே.

அக்கா


ஜூலை 2

அக்கா,

பழைய தெர்மாமீட்டரை அனுப்ப முடியாது. அது மார்ச் 29 அன்றே போய்விட்டது.

அன்றைக்குக் காலை அதை வாயில் வைத்துக்கொண்டு, சட்டைப் பைகளுக்காக வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். வாசலில் தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மாவைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது. "வரேன்" என்று வாயைத் திறந்துவிட்டேன். அது வாளிக்குள் விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது கோடு கோடாக வந்து அணைந்துவிட்டது. அரிசிக்குள் புதைத்து வைத்தேன், வெயிலில் வைத்தேன். உயிர் வரவில்லை. உன் தலை உருளும் என்று எழுதியிருந்தாய். கடையில் வாங்கினது வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். ஒரு வேளைகூட விடக்கூடாது என்றும் எழுதியிருந்தாய். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அம்மாவிடம் நெற்றியைக் காட்டினேன். ஒவ்வொரு வேளையும் அவள் என்ன சொல்கிறாள், அதற்கு முந்தைய வாரங்களில் அதே வேளையில் தெர்மாமீட்டர் என்ன காட்டியிருந்தது என்று பார்த்து ஒரு கணக்குப் போட்டேன். வெதுவெது என்றால் 99.4. கணகண என்றால் 100.3. காயுது 101. கொதிக்குது 102.7. ஒண்ணுமில்ல என்றால் 98.6. ஜில்லுன்னு இருக்கு என்றால் 98.2. தினமும் ஒரே எண் வந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று புள்ளிக்குப் பின்னால் அவ்வப்போது ஒன்று கூட்டியும் குறைத்தும் எழுதினேன். அது பொய்தான். ஆனால் அம்மா கை பொய் சொல்லாது என்று நம்பித்தான் எழுதினேன்.

புதுத் தெர்மாமீட்டர் திங்கட்கிழமை வந்தது. மாலை ஏழு மணிக்கு அம்மா தொட்டுப் பார்த்து "ஜில்லுன்னு இருக்கு" என்றாள். பிறகு அளந்தேன். 101.8. இயந்திரத்தில் ஏதோ தப்பு என்று நினைத்தேன். சரிபார்க்க அதைக் கழுவி அம்மா வாயில் வைத்தேன்.

103.4.

மறுநாள் காலையில் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு நுரையீரலிலும் சீழ் பிடித்திருக்கிறதாம். "எத்தன நாளா காய்ச்சல்?" என்று டாக்டர் கேட்டார். "எனக்கு ஏது காய்ச்சல்? நெருப்புகிட்ட நிக்கிறவ உடம்பு கொஞ்சம் சுடத்தான் செய்யும்" என்று அம்மா அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "வீட்ல யாரும் தொட்டுக்கூடப் பாக்கலையாம்மா?" என்றார்.

நோட்டு என் கையில்தான் இருந்தது. உன்னிடம் கேட்காமல் எங்கேயும் அதை வைத்துவிட்டுப் போகமாட்டேனே. "ஏப்ரல் இருபத்தொண்ணுல இருந்து" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், அக்கா. அவருக்குக் கேட்டது. எப்படி அவ்வளவு சரியாகச் சொல்கிறாய் என்று ஆச்சரியப்பட்டார்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். சுடுகிற கைக்கு மற்றவர்கள் உடம்பு குளிரும். அவள் கை என் நெற்றிக்குச் சூடாகத் தெரியவில்லை, ஏனென்றால் நானும் சுட்டுக்கொண்டிருந்தேன். நான் எழுதியது என் சூடு இல்லை. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம். என் எண் இறங்கவில்லை, அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறியிருக்கிறது. மாலையில் மட்டும் நான் குளிர்ந்தது ஏன் என்று நீ மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய் அல்லவா? அவளுக்கு மாலையில்தான் காய்ச்சல் அதிகமாம்.

தப்பு முழுக்க என்னுடையது. என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உடனே புறப்பட்டு வா. உன் குழுவிடமும் சொல்லிவிடு. அம்மா உன்னைக் கேட்கிறாள்.

உன்
தங்கை


ஜூலை 11

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உன்மேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. மார்ச் 29 அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் மறுநாளே வேறொன்று அனுப்பியிருப்பேன். ஊரில் இல்லாத வெட்கம் உனக்கு. அந்த வெட்கம் இன்றைக்கு எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது, பார்.

அம்மாவைப் பற்றி டாக்டரிடம் போனில் பேசினேன். நல்ல மருந்துதான் கொடுக்கிறார்கள். தேறிவிடுவாள். நான் இப்போது வந்து படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பதால் காய்ச்சல் இறங்கிவிடாது. 20-ந்தேதி முடிந்த மறுநாளே வருகிறேன்.

குழுவிடம் சொல் என்று எழுதியிருக்கிறாய். என்னவென்று சொல்வது? எண்களுக்குப் பதிலாக ஓர் இஸ்திரிக்காரியின் உள்ளங்கையை வைத்து அளந்தோம் என்றா? அந்த மூன்று மாதத்தை எடுத்துவிட்டால் என்னிடம் ஒன்றுமே மிஞ்சாது. சட்டை வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். அடுத்த கோடையில் சரியாக அளந்துகொள்ளலாம். அதற்கு நான் இந்த நாற்காலியில் இருக்க வேண்டும். உன்னை அப்போதே தண்ணி தெளித்து விட்டிருந்தால், நான் வேறு எந்த ஆராய்ச்சியையும் செய்து இந்நேரம் எங்கேயோ போயிருப்பேன். உனக்காகத்தானே இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்?

குழு அசல் நோட்டைக் கேட்கிறது. அளந்தவர் நேராக அவர்களுக்கே அனுப்ப வேண்டும், என் கை படக்கூடாது என்பது விதி. முகவரியை இதோடு வைத்திருக்கிறேன். ஓர் எண்ணையும் மாற்றாதே. பழைய தெர்மாமீட்டர் தபாலில் தொலைந்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கடிதம் எதுவும் உள்ளே வைக்காதே. சூடு சொரணை இருந்தால் இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்.

அக்கா


ஆகஸ்ட் 10

அக்காவுக்கு,

நீ வந்து போன பிறகு வீட்டைக் கூட்டிப் பெருக்கினேன். உன் சீப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். எடுத்து வைத்திருக்கிறேன்.

20-ந்தேதி வரை அம்மாவால் காத்திருக்க முடியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து இரண்டு நாள் இருந்தாய். அழுதாய். அது நிஜமான அழுகைதான், எனக்குத் தெரியும். இரண்டாவது நாள் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் டிரங்குப் பெட்டி. அப்புறம் அரிசி டப்பா. "நோட்டு எங்கடி வச்சிருக்க?" என்று கேட்டாய். நான் "உம்" என்றேன். நீ கோபப்பட்டுப் புறப்பட்டுவிட்டாய். அம்மா இஸ்திரி போடுகிற மேஜையில், விரித்த கம்பளிக்கு அடியில் அது இருந்தது.

கடைசி வாரத்தில் ஒரு நாள் மருந்து வேலை செய்து அம்மாவுக்குக் காய்ச்சல் சுத்தமாக இறங்கிவிட்டது. உன்னிடம் சொல்ல நினைத்தேன், நீ புறப்பட்டுவிட்டாய். அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்குப் பழக்கத்தில் குனிந்து நெற்றியைக் காட்டினேன். அவள் கையைக் கழுவ வேண்டும் என்று தண்ணீர் கேட்டாள். துடைத்துக்கொண்டு தொட்டவள் பயந்துவிட்டாள். "ஐயையோ, காயுதேடி! ஏன்டி சொல்லல?" என்றாள். நான் அளந்தேன். 101. ஒரு புள்ளிகூடக் கூடவில்லை, குறையவில்லை. அவள் கையில் எப்போதும் தப்பு இல்லை. நோட்டில் கடைசி எண் அதுதான்.

அதற்கப்புறம் என் கையால் நானே என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை. இரண்டும் ஒரே சூடு.

சலவைக் கடையில் ரசீது எழுதுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளலாம். வருகிறவர்களிடம் பெயர் கேட்க வேண்டும், அதுதான் கஷ்டம். நேற்று ஒருவர், "சத்தமா கேளும்மா" என்றார். கேட்டேன். உன் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். அதைத் திருப்பி அனுப்பமாட்டேன். மூலைகள் அம்மா தைத்தவை. அது வேலை செய்கிறதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

நோட்டைக் குழுவுக்கு அனுப்புகிறேன். நீ சொன்னபடி ஓர் எண்ணையும் மாற்றவில்லை. கடிதமும் வைக்கவில்லை. மார்ச் 29-லிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், அன்றைக்கு அம்மா சொன்ன வார்த்தையைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். வெதுவெதுன்னு இருக்கு. காயுது. ஒண்ணுமில்ல. ஜில்லுன்னு இருக்கு. எதையும் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. நாள்காட்டித் தாள்களுக்குப் பின்னால் பென்சிலில் குறித்து வைத்திருந்தேன், அந்தத் தாள்களையும் ஒட்டியிருக்கிறேன். தெர்மாமீட்டர் எப்படிப் போனது, அம்மாவுக்கு எப்போதிலிருந்து காய்ச்சல், இரண்டையும் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அம்மா எத்தனை நாள் காய்ச்சலோடு நின்று இஸ்திரி போட்டாள் என்பதற்கு உலகத்தில் வேறு கணக்கு இல்லை. உன் கணக்காக அது போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சூடு சொரணை இருந்தால் என்று எழுதியிருந்தாய். எனக்கும் அம்மாவுக்கும் சூடு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. சொரணை இப்போதுதான் வருகிறது.

இந்தக் கடிதத்தை இன்று தபாலில் போடுகிறேன். நோட்டை மூன்று நாள் கழித்துப் பதிவுத் தபாலில் போடுவேன். அந்த மூன்று நாள் உனக்கு. நீயே போய்ச் சொல்லிவிட்டாயானால், நோட்டு வரும்போது அவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருக்காது.

இனிமேல் உனக்கு அனுப்ப என்னிடம் எண்கள் இல்லை. அதனால் நீ எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே ஒரு பதில் மட்டும் பாக்கி இருக்கிறது. வெயில் காலத்தில் அம்மா போர்வை கேட்கிறாள், இது சரிதானா என்று ஜூன் மாதம் உன்னைக் கேட்டிருந்தேன். வெயிலில் ஒருவருக்குக் குளிர்ந்தால் அது ஏறுகிற காய்ச்சல் என்று மருத்துவமனை நர்ஸ்கூடச் சொன்னாள். உனக்குத் தெரியாமல் இருக்காது. அந்த வரியை நீ படித்தாயா, இல்லை நேராக எண்கள் இருந்த தாளுக்குப் போய்விட்டாயா? அதை மட்டும் எழுது.

தங்கை